நேற்று எங்கே சாப்பிட்டீர்கள்?

முன்பின் தெரியாத ஊரில், இரவு எட்டரை மணிக்கு, வயிறு கத்திக்கொண்டிருக்க, நடைபாதை ஓரத்தில் நின்று மொபைல் திரையை மேலும் கீழும் தள்ளிக்கொண்டிருக்கும் இரண்டு பேரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதில் ஒருவன் நான். இன்னொருவன் என் நண்பன், எந்தப் பயணம் என்றாலும் கூட வருபவன், மற்றபடி தங்கமானவன், ஆனால் ரேட்டிங்கைக் கண்டால் கன்னத்தில் போட்டுக்கொள்வான். "நாலு புள்ளி ஆறுடா, ஆறாயிரம் பேர் போட்டிருக்காங்க, இதுக்கு மேல உனக்கு என்ன வேணும்?" என்றான். எனக்கு அதற்கு மேல் ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. காலையிலிருந்து நடந்த நடையில் கால் இரண்டும் கெஞ்சிக்கொண்டிருந்தன, நாற்காலி கிடைத்தால் போதும் என்று இருந்தது.

அந்தக் கடை ஊரின் பெரிய சதுக்கத்தில், எல்லாரும் நின்று போட்டோ எடுக்கும் கோபுரத்துக்கு நேர் எதிரே இருந்தது. வாசலில் ஒருவர் மெனுவைக் கையில் விரித்துப் பிடித்தபடி, போகிறவர் வருகிறவர் எல்லாரையும் அவரவர் மொழியை ஊகித்து அழைத்துக்கொண்டிருந்தார். ஊகிப்பதில் கெட்டிக்காரர், அதைச் சொல்லத்தான் வேண்டும். மெனு, பள்ளிக்கூட அட்லஸ் கனத்துக்கு இருந்தது: ஆறு மொழி, மொழிக்கு ஒரு கொடி, ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் பளபளவென்று ஒரு படம். நான் சுட்ட மீன் கேட்டேன். அவன் நெடுநேரம் அடுப்பில் கிடந்து வேக வேண்டிய இறைச்சி ஒன்றைக் கேட்டான். இரண்டும் ஒரே நேரத்தில், ஆறாவது நிமிடத்தில் மேசைக்கு வந்தன. மீனின் ஓரம் நாக்கைச் சுட்டது, நடுவில் முள்கரண்டியை இறக்கினால் சில்லென்று இருந்தது. தட்டின் ஓரத்தில் இருந்த எலுமிச்சைத் துண்டின் விளிம்பு காய்ந்து சுருண்டிருந்தது, காலையில் நறுக்கியதாக இருக்க வேண்டும், அல்லது நேற்று. நாங்கள் கேட்கும் முன்பே பில் வந்தது.

கோபத்தோடு சுற்றிலும் பார்த்தபோதுதான் ஒன்று கண்ணில் பட்டது. எல்லா மேசையிலும் முதுகுப்பை, தொப்பி, கேமரா, மடித்த வரைபடம். அந்த ஊர்க்காரர் என்று சொல்லும்படி உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் ஒருவர்கூட இல்லை. சமையல்காரருக்குத் தொழில் தெரியாமல் அந்த மீன் அப்படி வரவில்லை. நாங்கள் மறுபடி வரப்போவதில்லை என்பது எங்களைவிட அந்தக் கடைக்கு நன்றாகத் தெரியும். நன்றாகச் செய்து போட்டாலும் நாளைக்கு ஊரை விட்டுப் போய்விடுவோம், மோசமாகப் போட்டாலும் போய்விடுவோம். எங்கள் இடத்தில் உட்கார நாளைக்கு வேறு இருவர் அதே கோபுரத்தை அண்ணாந்து பார்த்தபடி வருவார்கள். சதுக்கத்து வாடகையும் சும்மா இருக்காது, அதையும் அந்தத் தட்டிலிருந்துதான் எடுத்தாக வேண்டும்.

அன்றிலிருந்து புது ஊரில் கடை தேடும்போது எனக்கு ஒரே ஒரு கேள்விதான். இந்தக் கடை யாரை நம்பிப் பிழைக்கிறது? திரும்பத் திரும்ப வருகிறவர்களையா, ஒரே ஒரு முறை வந்து போகிறவர்களையா? ஆள் தெரியாத ஊரில் ருசியை முன்கூட்டி அறிய வழியில்லை. ஆனால் இந்தக் கேள்விக்கான பதில் தெருவில் நின்றே பாதி தெரிந்துவிடும்.

வெளியூர்க்காரனின் இந்தத் தவிப்பு பழசு, அதை வைத்து வியாபாரம் செய்வதும் பழசு. பிரான்சில் மிஷலின் சகோதரர்கள் 1900இல் தங்கள் கையேட்டை அச்சடித்தது டயர் விற்கத்தான். கார் வைத்திருப்பவன் தூரமாகப் போனால்தான் டயர் தேயும். தூரமாகப் போக வேண்டும் என்றால் பெட்ரோல் எங்கே கிடைக்கும், டயரை எப்படி மாற்றுவது, எங்கே சாப்பிடுவது, எங்கே படுப்பது என்று தெரிய வேண்டும். நாடு முழுவதும் சேர்த்தே சில ஆயிரம் கார்கள்தான் இருந்த காலத்தில் 35,000 பிரதி அச்சடித்து இலவசமாகக் கொடுத்தார்கள். 1920 வரை இலவசம்தான். ஏதோ ஒரு கடையில் தங்கள் கையேட்டை மேசைக் காலுக்கு முட்டுக் கொடுத்திருப்பதைப் பார்த்த பிறகுதான் விலை போட ஆரம்பித்தார்கள் என்று ஒரு கதை உண்டு. ஸ்டார் வந்தது 1926இல், மூன்று படியாகப் பிரித்தது 1931இல். அந்தப் படிகளின் விளக்கத்தைப் பாருங்கள்: இரண்டு ஸ்டார் என்றால் வழியை விட்டு விலகிப் போய்ச் சாப்பிடலாம், மூன்று என்றால் அதற்காகவே ஒரு பயணம் போகலாம். முழுக்க முழுக்க ரோட்டில் போகிறவனின் கணக்கு அது.

அமெரிக்காவில் டங்கன் ஹைன்ஸ் என்று ஒருவர், அச்சகங்களுக்காக ஊர் ஊராக அலைந்த விற்பனைப் பிரதிநிதி. சாப்பிட்ட நல்ல கடைகளைக் குறித்து வைத்துக்கொண்டே வந்தார். கடைசியில் எல்லாரும் அவரையே கேட்டுத் தொந்தரவு செய்ய, 1935 கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து அட்டைக்குப் பதிலாக அந்தப் பட்டியலையே நண்பர்களுக்கு அனுப்பிவிட்டார், அதுவே பிறகு அவர் தொழிலாகவும் ஆனது. அதற்கு அடுத்த ஆண்டு, 1936இல், விக்டர் ஹ்யூகோ கிரீன் என்ற கறுப்பின அஞ்சல்காரர் நியூயார்க்கிலிருந்து இன்னொரு பட்டியலை வெளியிட ஆரம்பித்தார். கறுப்பினத்தவரை அவமானப்படுத்தாமல் உள்ளே விட்டு, உட்காரவைத்துப் பரிமாறும் கடைகள் எவை, தங்க இடம் தரும் வீடுகள் எவை என்று. முப்பது வருடம் அது வந்துகொண்டிருந்தது. தகவல் எங்கிருந்து வந்தது என்றால் பெரும்பாலும் அந்தந்த ஊர்க்காரர்களிடமிருந்து, அவரைப் போன்ற மற்ற அஞ்சல்காரர்களிடமிருந்து. இன்றைக்கு நாமெல்லாம் நாலு புள்ளி ஆறா, நாலு புள்ளி நாலா என்று சண்டை போடும்போது, அந்தப் பட்டியலை காரின் முன்பெட்டியில் வைத்துக்கொண்டு குழந்தை குட்டியோடு கிளம்பியவர்கள் எனக்கு ஞாபகம் வருவார்கள். அவர்களுக்கு மீன் நடுவில் சில்லென்று இருந்ததா என்பதெல்லாம் ரொம்பப் பிந்திய கவலை.

சரி, ரேட்டிங் விஷயத்துக்கு வருவோம். அது சுத்தப் பொய் என்று நான் சொல்ல மாட்டேன், நானும் பார்க்கிறேன். ஆனால் அந்த எண்ணுக்குக் கடைக்காரர்கள் ஏன் இப்படி அடித்துக்கொள்கிறார்கள் என்பதைத் தெரிந்துகொண்டால் அதை எவ்வளவு நம்பலாம் என்பதும் தெரியும். ஹார்வர்டில் மைக்கேல் லூகா என்பவர் சியாட்டில் நகர உணவகங்களின் வருமானத்தையும் யெல்ப் தளத்தில் அவற்றுக்கு விழுந்த ஸ்டார்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார். ஒரு ஸ்டார் கூடினால் வருமானம் 5 முதல் 9 சதவீதம் வரை கூடுகிறது என்றது அந்த ஆய்வு. இதில் சுவாரசியமான விஷயம், அந்தப் பலன் தனிக் கடைகளுக்குத்தான். ஊருக்கு ஊர் கிளை வைத்திருக்கும் கடைகளுக்கு ஸ்டாரால் பெரிய வித்தியாசம் இல்லை, அங்கே என்ன கிடைக்கும் என்று எல்லாருக்கும் ஏற்கெனவே தெரியுமே. இன்னொரு ஆய்வு, சான் பிரான்சிஸ்கோவில் செய்தது, இன்னும் வேடிக்கையானது. அந்த ஆய்வு நடந்த காலத்தில் யெல்ப் சராசரியைப் பக்கத்தில் இருக்கும் அரை ஸ்டாருக்கு முழுமையாக்கிக் காட்டியது. 3.24 என்றால் மூன்று ஸ்டார், 3.26 என்றால் மூன்றரை. சாப்பாட்டில் துளி வித்தியாசம் இருக்காது. ஆனால் அந்த அரை ஸ்டார் கூடுதலாகத் தெரிந்த கடைகளில் மேசை முழுவதும் நிரம்பிப்போவது 19 சதவீதப் புள்ளிகள் அதிகம். இவ்வளவு பணம் ஒரு எண்ணில் தொங்கும்போது அந்த எண்ணைத் தள்ளிவிட ஆள் வராமல் இருப்பார்களா?

வந்தார்கள். லண்டனில் ஊபா பட்லர் என்ற இளைஞர் 2017இல் தான் குடியிருந்த தோட்டத்துக் கொட்டகையை உணவகம் என்று டிரிப்அட்வைசரில் பதிந்தார். சாப்பாடே கிடையாது, கடையே கிடையாது. படத்துக்கு வைத்த 'உணவில்' ஷேவிங் நுரையும் வெளுப்பு மாத்திரையும் இருந்தன, ஒரு படத்தில் இருந்தது அவருடைய குதிகால். நண்பர்களை விட்டு ரிவ்யூ எழுதவைத்து, போன் செய்தவர்களிடம் எல்லாம் இடமில்லை இடமில்லை என்று சொல்லியே, ஆறே மாதத்தில் அதை லண்டனின் முதல் இடத்துக்குக் கொண்டுவந்துவிட்டார். இடம் கிடைக்காத கடை நல்ல கடையாகத்தான் இருக்கும் என்று ஊரே நினைத்தது. (நானும் போன் செய்திருப்பேன். என் நண்பன் இரண்டு முறை செய்திருப்பான்.)

அதனால் நான் எண்ணைப் பார்த்துவிட்டு நேராகப் படத்துக்குப் போகிறேன். கடைக்காரர் போட்ட படம் வேண்டாம், சாப்பிட வந்தவர் மங்கலான வெளிச்சத்தில் கை நடுங்க எடுத்த படம். அதில் ஒரே பதார்த்தம் திரும்பத் திரும்ப வருகிறதா என்று பார்ப்பேன்; பத்துப் பேர் பத்துத் தினுசில் எடுத்த படத்தில் ஏழு பேர் தட்டில் அதே ஒன்று இருந்தால், அந்தக் கடைக்கு அதுதான் கைவந்த சமாச்சாரம். பக்கத்து மேசைகள் படத்தின் ஓரத்தில் விழுந்திருக்கும், அங்கே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதும் தெரியும். அப்புறம் ஐந்து ஸ்டார், ஒரு ஸ்டார் இரண்டையும் தாண்டி மூன்று ஸ்டார் போட்டவர்களைப் படிப்பேன். கொண்டாடவும் இல்லை, வசைபாடவும் இல்லை என்றால் அந்த ஆள் நிதானமாகச் சாப்பிட்டிருக்கிறார். குறை சொல்கிறவர் எதைக் குறை சொல்கிறார் என்பது முக்கியம். 'இங்கிலீஷ் மெனு இல்லை', 'சிரிக்கவே மாட்டேன் என்கிறார்கள்', 'ஒன்பது மணிக்கே சாப்பாடு தீர்ந்துவிட்டது' என்றெல்லாம் திட்டியிருந்தால் எனக்கு அது சிபாரிசு. 'போன வருடம் நன்றாக இருந்தது' என்று சமீபத்தில் இரண்டு மூன்று பேர் எழுதியிருந்தால் அந்தப் பக்கமே போக மாட்டேன். சமையல்காரர் மாறியிருப்பார்.

ஒரு சின்ன வித்தை. மேப்பில் 'உணவகம்' என்று இங்கிலீஷில் தேடினால், இங்கிலீஷில் தேடுகிறவர்களுக்காகவே நடக்கும் கடைகள்தான் மேலே வந்து நிற்கும். அந்த ஊரில் எது பேர்போனதோ அதன் பெயரை, அந்த ஊர் எழுத்திலேயே காப்பி செய்து போட்டுத் தேடிப் பாருங்கள். அதே தெரு வேறு தெருவாகத் தெரியும். ஒரு முறை இதைச் செய்தபோது, நாங்கள் மூன்று நாளாகக் கடந்து போய்க்கொண்டிருந்த ஒரு கதவு கடை என்பதே அப்போதுதான் தெரிந்தது, நான் அதை யாரோ வீட்டு வாசல் என்று நினைத்திருந்தேன்.

கூட்டம் இருக்கும் கடையில் சாப்பிடு என்பார்கள். பாதி சரி. பொருளாதார அறிஞர் அபிஜித் பானர்ஜி 1992இல் எழுதிய ஒரு கட்டுரையில் இதே உதாரணம்தான் வருகிறது: பக்கத்துப் பக்கத்தில் இரண்டு உணவகங்கள், நூறு பேர் ஒருவர் பின் ஒருவராக வருகிறார்கள். பொதுவாக எல்லாரும் அறிந்தவரை முதல் கடை ஒரு மயிரிழை மேல். ஆனால் அந்த நூறு பேரில் 99 பேருக்கு இரண்டாவது கடைதான் நல்லது என்று தனித்தனியே தகவல் கிடைத்திருக்கிறது. மீதியுள்ள ஒருவருக்கு மட்டும் முதல் கடைதான் நல்லது என்று தகவல். முதலில் வருகிறவர் அவர்தான், அவர் முதல் கடைக்குள் போய்விடுகிறார். இரண்டாவது ஆள் அவர் போனதைப் பார்த்துத் தன் தகவலைச் சந்தேகித்துப் பின்னாலேயே போகிறார், அப்புறம் மூன்றாவது, நான்காவது... கடைசியில் நூறு பேரும் சுமாரான கடையில் வரிசையில் நிற்க, நல்ல கடைக்காரர் ஈ ஓட்டிக்கொண்டிருப்பார். இதை எழுதியவருக்கு 2019இல் நோபல் பரிசு கிடைத்தது, வேறு வேலைக்காக. ஆனால் அந்தச் சதுக்கத்துக் கடையில் நானும் ஆறாயிரம் பேரும் செய்தது அச்சு அசல் இதுதான்.

ஆகவே கூட்டத்தின் நீளத்தைவிட, அதில் நிற்பவர்களைப் பார்க்க வேண்டும். கழுத்தில் அலுவலக அட்டை தொங்குகிறதா? கையில் வெறும் சாவி மட்டும் இருக்கிறதா, அதாவது வீடு பக்கத்தில்தானா? ஒற்றை ஆளாக வந்து செய்தித்தாள் படித்தபடி சாப்பிடுகிறவர் உண்டா? என் அனுபவத்தில் இவரைப் போல நம்பகமான அடையாளம் கிடையாது. தனியாகச் சாப்பிடுகிறவர் யாருக்காகவும் விட்டுக்கொடுத்து அங்கே வரவில்லை, போட்டோ எடுக்கவும் வரவில்லை. தாத்தாவும் பேரனும் சேர்ந்து உட்கார்ந்திருந்தால் இன்னும் நல்லது.

நடக்கும் தெம்பு இருந்தால், பார்க்க வேண்டிய இடத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நடப்பேன். இரண்டு மூன்று திருப்பம் போதும், கிலோமீட்டர் கணக்கெல்லாம் வேண்டாம். பெரிய ஆஸ்பத்திரி, கோர்ட்டு, பல்கலைக்கழகம், காய்கறி மொத்தச் சந்தை, இந்த நான்கில் ஒன்றைச் சுற்றி நல்ல மதியச் சாப்பாடு இல்லாத ஊர் எனக்கு அபூர்வமாகத்தான் வாய்த்திருக்கிறது. நர்சுக்கும் குமாஸ்தாவுக்கும் அரை மணி நேரம்தான் இடைவேளை, தினமும் வருகிறார்கள், ஒரு நாள் ஏமாற்றினால் மறுநாள் எதிர்க்கடை. அங்கே எவரும் ஏமாற்றத் துணிய மாட்டார்கள். இரவில் இதே தெருக்கள் சில சமயம் வெறிச்சோடிவிடும், அதனால் இது மதியத்துக்கான வழி. இரவுக்கு வீடுகள் இருக்கும் பக்கம் போக வேண்டும்.

வாசலில் மெனு ஒட்டியிருந்தால் நின்று எண்ணுவேன். என் நண்பனுக்கு இது எரிச்சல், "சாப்பிட வந்தியா, ஆடிட் பண்ண வந்தியா?" என்பான். நூற்றியிருபது பதார்த்தம் இருக்கிறது, உள்ளே எட்டிப் பார்த்தால் அடுப்படியில் மூன்று பேர். ஒரு நாளில் நூறு பேர் வந்தால்கூட ஒவ்வொரு பதார்த்தமும் ஒரு தடவை விற்பது சந்தேகம். அப்படியென்றால் அதற்கான சாமான்கள் எங்கே இருக்கின்றன, எத்தனை நாளாக? பதில் ஃபிரீசர். ஒரே பக்கத்தில் பத்துப் பன்னிரண்டு வரி, அதுவும் கையால் எழுதி, நடுவில் ஒன்றைக் குறுக்கே அடித்திருந்தால் அதைவிட நல்ல அடையாளம் இல்லை. அடித்தது தீர்ந்துபோனது. தீர்ந்துபோகிறது என்றால் அன்றைக்கு வாங்கி அன்றைக்குச் செய்கிறார்கள்.

இதெல்லாம் கண்ணால் பார்த்துச் செய்யும் வேலை. வாயால் செய்யும் வேலைதான் இதைவிடப் பலன் தந்திருக்கிறது, ஆனால் அதைச் சரியாகச் செய்ய எனக்குப் பல வருடம் ஆனது. தங்கும் ஹோட்டல் ரிசப்ஷனில் "பக்கத்தில் நல்ல கடை எது?" என்று கேட்டால் அவர் பாவம் என்ன செய்வார்? உங்கள் முகத்தைப் பார்த்து, இந்த ஆளுக்கு வயிறு கெடக்கூடாது, நாளைக்கு வந்து புகார் சொல்லக்கூடாது என்று கணக்குப் போட்டு, பாதுகாப்பான ஒன்றைச் சொல்வார். சில இடங்களில் கமிஷனும் இருக்கும், அது வேறு. கேள்வியில்தான் கோளாறு. 'நல்ல கடை' என்றதுமே மனிதர்கள் தங்கள் ருசியை ஒதுக்கிவைத்துவிட்டு வெளியூர்க்காரனுக்கு எது பிடிக்கும் என்று யோசிக்க ஆரம்பித்துவிடுகிறார்கள்.

அந்த மீன் சாப்பிட்ட மறுநாள் என் தோள்பையின் வார் அறுந்தது. தைக்கக் கொடுக்க ஒரு சந்துக்குள் போனேன். செருப்பு, பை, குடை எல்லாம் சரிசெய்யும் ஒரு பெண்மணி, ஐம்பத்தைந்து வயது இருக்கும், மூக்கு நுனியில் கண்ணாடி. ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தபோது, பேச்சுக்கு என்று கேட்டேன், மொபைலில் மொழிபெயர்த்துக் காட்டி: "நேற்று எங்கே சாப்பிட்டீர்கள்?"

படித்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார். "வீட்டில்."

சரிதானே. வேறு எங்கே சாப்பிடுவார். நான் அசடு வழிந்துகொண்டு மறுபடி தட்டினேன்: "சமைக்க அலுப்பாக இருக்கும் நாளில்?"

இப்போது ஊசியைக் கீழே வைத்தார். கண்ணாடியைக் கழற்றினார். தனக்குள் ஏதோ வாக்குவாதம் நடத்துவது போல முகம் போனது. ஒரு பெயரைச் சொல்லி, உடனே கையை ஆட்டி வேண்டாம் என்றார், பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிட்டு ஏதோ கேட்டார், அவர் ஒன்று சொல்ல இவர் மறுக்க, என் வார் தைக்கப்படாமல் கிடந்தது. கடைசியில் ரசீதுப் புத்தகத்தில் ஒரு தாளைக் கிழித்து, பின்பக்கம் கோடு இழுத்து, ஒரு மரம், ஒரு மருந்துக் கடைச் சிலுவை, ஒரு அம்புக்குறி எல்லாம் வரைந்து கொடுத்தார். ஓரத்தில் 7 என்று எழுதி வட்டம் போட்டார். ஏழு மணிக்கு முன்னால் போனால் கதவு திறக்காது.

ஆறு ஐம்பதுக்கே போய் நின்றோம். மேப்பில் தேடிப் பார்த்தான் நண்பன்: மூன்று புள்ளி ஒன்பது, நாற்பது சொச்சம் ரிவ்யூ. முகம் தொங்கிவிட்டது. எட்டு மேசை, எல்லா மேசையிலும் கறை வெளுத்துப்போன துணி விரிப்பு, மெனு கரும்பலகையில். நாங்கள் உட்கார்ந்து பத்து நிமிடத்தில் வந்த நாலைந்து பேரும் உள்ளே நுழையும்போதே சமையலறைப் பக்கம் பார்த்து ஏதோ குரல் கொடுத்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்கள். எனக்கு எது வேண்டும் என்று சொல்லத் தெரியவில்லை, பக்கத்து மேசைத் தட்டைக் காட்டினேன். அந்த மேசைக்காரர் தலையை ஆட்டி அனுமதி கொடுப்பது போலச் சிரித்தார். சூப்புதான், ரொட்டியோடு. நாற்பது நிமிடம் காத்திருந்தோம். முதல் கரண்டிக்கு அப்புறம் என் நண்பன் பேசவே இல்லை, அவனைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும்.

அதன் பிறகு இந்தக் கேள்வியை டாக்ஸி டிரைவரிடம், முடிதிருத்துபவரிடம், லாண்டரிக்காரரிடம் எல்லாம் கேட்டிருக்கிறேன். 'எது நல்ல கடை' என்று கேட்காமல், நேற்று எங்கே, சமைக்க முடியாத அன்று எங்கே, சம்பளம் வந்த அன்று எங்கே, அம்மா ஊரிலிருந்து வந்தால் எங்கே கூட்டிப்போவீர்கள். நடந்ததைக் கேட்டால் நடந்ததைச் சொல்கிறார்கள். இன்னொன்று, ஒரு கடையில் நன்றாகச் சாப்பிட்டால் அந்தக் கடைக்காரரிடமே "உங்கள் கடைக்கு விடுமுறை அன்று நீங்கள் எங்கே போவீர்கள்?" என்று கேட்டுவிடுங்கள். தொழில்காரர்கள் தொழில்காரர்களை நன்றாக எடைபோடுவார்கள்.

பாருக்கும் இதே கணக்குதான், ஆனால் அங்கே பார்த்துக் கண்டுபிடிக்க இன்னும் நிறைய இருக்கிறது. நான் மேசைக்குப் போக மாட்டேன், கவுண்டரில் உட்காருவேன். ஒரே ஒரு பீர், அதுவும் சின்ன கிளாஸ். அது வந்ததும் குடிக்கும் முன் கிளாஸைப் பார்ப்பேன். நுரைக்குக் கீழே உள்சுவரில் குமிழிகள் கொத்தாக ஒட்டிக்கொண்டு நகராமல் நின்றால் கிளாஸைச் சரியாகக் கழுவவில்லை. எண்ணெய்ப் பிசுக்கோ சோப்போ இருக்கும் இடத்தில்தான் அவை ஒட்டும். சுத்தமான கிளாஸில் குமிழி நேராக மேலே போய்விடும், குடிக்கக் குடிக்க நுரை வளையம் வளையமாகப் படிந்துகொண்டே இறங்கும். அடுத்தது மூக்கு. வினிகர் வாடையோ வெண்ணெய் வாடையோ வந்தால் பீப்பாயிலிருந்து குழாய்க்கு வரும் லைனைக் கழுவி நாளாகிவிட்டது. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கழுவ வேண்டும் என்பது அந்தத் தொழிலில் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. கழுவுவதை எந்த வாடிக்கையாளரும் பார்க்கப்போவதில்லை, அதனால்தான் கழுவுகிறவர்கள் மேல் எனக்கு மரியாதை.

காக்டெயில் குடிக்கிறவர்கள் வெர்மூத் பாட்டில் எங்கே நிற்கிறது என்று பார்க்கலாம். வெர்மூத் என்பது மூலிகை சேர்த்துக் கொஞ்சம் காட்டம் கூட்டிய ஒயின், விஸ்கி மாதிரி திறந்து வைத்து வருடக்கணக்கில் ஓட்ட முடியாது. ஃபிரிட்ஜில் இருந்து எடுத்து ஊற்றினால் தைரியமாக உட்காரலாம். விளக்குக்குக் கீழே தூசி படிந்து பாதி பாட்டில் நின்றால் பீரோடு நிறுத்திக்கொள்வேன். ஒயினைக் கிளாஸ் கணக்கில் வாங்குகிறவர்கள் "இதை எப்போது திறந்தீர்கள்?" என்று கேட்கத் தயங்க வேண்டாம், நல்ல இடத்தில் இதற்குக் கோபப்பட மாட்டார்கள்.

பார்டெண்டர் ஓய்வாக இருக்கும் நேரம், அதாவது திறந்த முதல் அரை மணி நேரம், கேட்பதற்கு மிகவும் நல்ல நேரம். "வேலை முடிந்ததும் எங்கே சாப்பிடுவீர்கள்?" நடுராத்திரிக்கு மேல் திறந்திருக்கும் கடைகளை அவர்களைவிட நன்றாக அறிந்தவர் யாரும் இல்லை. ஊரின் மற்ற சமையல்காரர்களும் அடுப்பை அணைத்துவிட்டு அங்கேதான் வந்து உட்கார்ந்திருப்பார்கள், அப்படி ஒரு மேசையில் ஒரு முறை எனக்கும் இடம் கிடைத்தது.

கேட்காமல் தானாக வந்து சிபாரிசு செய்கிறவர் மட்டும் வேண்டாம். இதை நான் புத்திசாலித்தனமாகச் சொல்லவில்லை, பட்டுத்தான் சொல்கிறேன். ஒரு ஊரில் வழி கேட்பது போல வந்த ஒருவன், நல்ல பையன் போலத்தான் இருந்தான், அரை மணி நேரம் சினிமா, கிரிக்கெட் என்று பேசிக்கொண்டே ஒரு பாருக்குக் கூட்டிப்போனான். மெனுவில் விலை இல்லை. இரண்டு கிளாஸ் முடிந்தபோது வந்த பில்லைப் பார்த்து எனக்குப் போதை சுத்தமாக இறங்கிவிட்டது. கதவுப் பக்கம் இரண்டு பேர் வந்து நின்றார்கள். கூட்டிவந்தவன் கழிப்பறைக்குப் போனவன் போனவன்தான். கையில் இருந்ததைக் கொடுத்து, கார்டு இல்லை என்று சாதித்து வெளியே வந்தேன். பல நாடுகள் தங்கள் குடிமக்களுக்கு வெளியிடும் பயண எச்சரிக்கைகளில் இந்தத் தந்திரத்துக்கென்றே ஒரு பத்தி இருக்கிறது என்று பிற்பாடுதான் படித்தேன். இப்போது விலை போடாத இடத்தில் தண்ணீர்கூட வாங்குவதில்லை. கிளாஸை விட்டுவிட்டு எழுந்து போவதில்லை, கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்று முதல் கிளாஸுக்கு முன்பே பார்த்துவிடுவேன்.

அந்த சூப்புக் கடைக்கு மறுநாளும் போனோம். "புது ஊருக்கு வந்துட்டு ஒரே கடைக்கா ரெண்டு தடவை?" என்று வழக்கமாக இழுப்பவன் என் நண்பன், அன்றைக்கு அவன்தான் முதலில் செருப்பை மாட்டினான். இரண்டாவது முறை போனபோது பரிமாறியவர் எங்களைப் பார்த்து லேசாகப் புருவத்தை உயர்த்தினார், ரொட்டி கேட்காமலே கூடுதலாக ஒரு துண்டு வந்தது. நாங்களும் கணக்கில் சேர்ந்துவிட்டோம் போல.

ஊரை விட்டுக் கிளம்பும் காலையில் பை தைத்த அம்மாவுக்கு நன்றி சொல்லிவிட்டு வரலாம் என்று போனேன். என்ன சாப்பிட்டாய் என்று கேட்டார். இரண்டு நாளும் சூப்பு என்று பெருமையாகத் தட்டிக் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றி, மொபைலை வாங்கி, இன்னொரு முறை படித்தார். தலையில் கை வைத்துக்கொண்டார். பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்ல, அவரும் என்னைப் பார்த்து உச்சுக் கொட்டினார். அந்தக் கடைக்குப் போய் யாராவது சூப்பு குடிப்பார்களா, சுட்ட மீன் அல்லவா சாப்பிட வேண்டும் என்றார்கள் இருவரும். எங்கள் ரயிலுக்கு இன்னும் ஐம்பது நிமிடம் இருந்தது, கடை திறக்க எட்டு மணி நேரம்.